கேஜ் கண்ணாடியில் வைத்த பொட்டு

எண்ணெயால் இயங்கும் மெஷினுக்கும் காற்றால் இயங்கும் மெஷினுக்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது தெரியாத்தனமாக என்னிடம் கேட்டுவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சனி பிடித்த மாதிரித்தான். நான் லேசில் விடமாட்டேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்ஸின் லிஃப்ட் நின்றுபோன ஒரு பின்னேரம், படியில் உட்கார்ந்திருந்த மூன்றாம் மாடிக்காரருக்கு இதை முக்கால் மணி நேரம் விளங்கப்படுத்தியிருக்கிறேன். லிஃப்ட் எப்போது வரும் என்றுதான் அந்த மனுஷன் கேட்டார். கதிரையை மிதித்து மிதித்து உயர்த்திய சலூன்காரரிடம் சொல்லியிருக்கிறேன். 'புஸ்' என்று திறந்து மூடும் கதவில் தொங்கிக்கொண்டு நின்ற பஸ் கொண்டக்டரிடம் அவருடைய கதவைப் பற்றியே சொல்லியிருக்கிறேன். கேட்காமலே இந்தப் பாடத்தை என்னிடம் கேட்டவர்கள் கொழும்பில் நிறையப் பேர். கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒருவருக்கு மட்டும் நான் சொல்லவில்லை. அவருடைய வலது கையில் இப்போது மூன்று விரல்கள் இல்லை.

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் மெஷின் திருத்தும் வேலையில் இருந்தேன். தொழிற்சாலை என்று சொன்னாலும் அது ஒரு பழைய களஞ்சியம்தான். தகரக் கூரை, ஒரு பக்கம் அட்டைச் சுருள்கள், மறுபக்கம் ஆறு மெஷின்கள், நடுவில் இருபது பேர் ஒருவரை ஒருவர் இடிக்காமல் நடக்க இடம். தேயிலை ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அட்டைப் பெட்டி செய்து கொடுப்போம். நான் காலையில் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று போய்ச் சேருவேன். அந்த இடத்தில் டிப்ளோமா வைத்திருந்தது நான் ஒருவன்தான். அது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் தெரியப்படுத்தியிருந்தேன்.

பசை பிடிக்க வைக்கும் பிரஸ்ஸில் வேலை செய்தவர் ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் மூத்தவர். ஹற்றன் பக்கத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கல்யாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்தவர். அந்தப் பிரஸ்ஸில் பதினொரு வருஷம் நின்றவர். நான் வேலைக்குப் போன முதல் நாள், சாப்பாடு கொண்டுவரவில்லை என்று கண்டுபிடித்து, தன் பார்சலைப் பிரித்துப் பாதி ரொட்டியும் சம்பலும் தந்தார். மற்றவர்கள் எல்லோரும் என்னை 'சேர்' என்றார்கள். அவர் மட்டும் 'தம்பி' என்றார். முதலில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, டிப்ளோமாக்காரன் அல்லவா. பிறகு பழகியது. போகப் போகப் பிடித்தும் போனது.

பிரஸ் செய்த வேலை சின்னது. பசை தடவி மடித்த பெட்டியை ஓர் இரும்புச் சுவரோடு சாய்த்து வைத்தால், எதிர்ப் பக்கத்திலிருந்து ஓர் இரும்புத் தட்டு வந்து அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்கும். பசை பிடித்ததும் தட்டு பின்னால் போகும். தட்டைத் தள்ளியது எண்ணெய். மோட்டர் ஓட, பம்ப் எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ள, சிலிண்டரின் தண்டு தட்டைத் தள்ளும். நாளைக்கு இரண்டு மூன்று தடவையாவது ஒரு பெட்டி கோணலாக மாட்டிக்கொள்ளும். அப்போது அக்கா செய்வதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சிவப்புப் பட்டனைக் குத்துவார். மோட்டர் நிற்கும். தலைக்கு நேரே இருந்த வட்டமான கேஜைப் பார்ப்பார். அழுத்தம் காட்டும் முள் சரிந்து பூச்சியத்தில் போய்ப் படுக்கும். "முருகா" என்று சொல்லிக் கையை உள்ளே விட்டு, மாட்டிய பெட்டியை இழுத்து எடுப்பார். பதினொரு வருஷம் இதே ஒழுங்கு. அதில் ஒரு பிழையும் இல்லை, எண்ணெய் மெஷினுக்கு அது சரியான முறை.

ஏன் சரி என்பதைச் சொல்லத்தான் வேண்டும். எண்ணெயை அமுக்கிச் சிறிதாக்க முடியாது. எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் அது விட்டுக்கொடுக்காமல் அந்தப் பலத்தை அப்படியே மறுமுனைக்குக் கொண்டுபோகும். ஒரு சின்ன ஜக்கை வைத்து லொறியைத் தூக்க முடிவது அதனால்தான். அமுங்காத ஒன்று பிறகு விரியவும் மாட்டாது. பம்ப் நின்றால் தள்ளுவதற்கு ஆள் இல்லை, தட்டு நின்ற இடத்தில் நிற்கும். காற்று வேறு மாதிரி. சைக்கிள் பம்பின் வாயை விரலால் பொத்திக்கொண்டு தள்ளிப் பாருங்கள், உள்ளே போகும். கையைத் தளர்த்தினால் திருப்பித் தள்ளும். அமுக்கிய பலத்தைக் காற்று தனக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்கும். மோட்டரை நிறுத்திய பிறகும் அது காத்திருக்கும்.

பழைய சிலிண்டரில் சீல் தேய்ந்து எண்ணெய் கசியத் தொடங்கியதுதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். ஒரு கொம்பனி எண்ணெய்க் கறை பட்ட பெட்டிகளை ஒரு லொறி நிறையத் திருப்பி அனுப்பியது. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும், எண்ணெய் மணக்கிற பெட்டியில் யார் அதைப் போடுவார்கள்? முதலாளி என்னைக் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேட்டார். நல்ல சீல் ஒன்று வாங்கிப் போட்டிருந்தால் போதும். அது எனக்குத் தெரியும். ஆனால் சீல் மாற்றுவதற்கு டிப்ளோமா எதற்கு? பிரஸ்ஸைக் காற்றுக்கு மாற்றிவிடலாம் என்றேன்.

அடுத்த நாள் பாமசியில் இரண்டு சிரிஞ்ச் வாங்கிக்கொண்டு போய், ஒன்றில் தண்ணீரும் மற்றதில் காற்றும் நிரப்பி, வாயை அடைத்து முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் தன் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தார். தண்ணீர்ச் சிரிஞ்ச் அசையவில்லை. காற்றுச் சிரிஞ்ச் உள்ளே போய்த் திரும்பி வந்தது. சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்து இன்னொரு தடவை அமுக்கினார். நான் பொரிந்து தள்ளினேன். காற்று சுத்தம், கசிந்தாலும் கறை வராது. அறையின் காற்றையே எடுத்து அறைக்கே திருப்பி விடுகிறோம். பெட்டிக்குக் கம்பி அடிக்கும் 'கன்' என்ற கருவிக்காக வாங்கிய, காற்றை அமுக்கித் தரும் கொம்பிரசர் ஏற்கெனவே மூலையில் நிற்கிறது. எண்ணெய் அளவுக்குக் காற்றால் தள்ள முடியாதுதான், ஆனால் அட்டைப் பெட்டிக்கு அவ்வளவு பலம் எதற்கு? சொன்னது எல்லாம் உண்மை. முதலாளி சரி என்றார். அந்தச் சிரிஞ்சுகள் இரண்டும் பிறகு என் மேசை லாச்சியில் கிடந்தன. மேசையிலிருந்து பிரஸ்ஸுக்கு இருபது அடிகூட இல்லை. அக்காவுக்கும் அதைக் காட்டியிருக்கலாம். ஐந்து நிமிஷம் போதும்.

பழைய மெஷின் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் அலைந்து பழைய சிலிண்டர் ஒன்றும் வால்வுகளும் வாங்கினேன். சிவப்புப் பட்டனைக் குத்தியதும் உள்ளே நிற்கும் காற்று முழுவதையும் வெளியே விட்டுவிடும் வால்வ் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால்தான் இப்படியான வேலை முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்குக் கடையில் அது இருக்கவில்லை, அடுத்த கிழமை வரும் என்றார்கள். அதுவரைக்கும் என்று, கையால் திருப்பிக் காற்றை விடும் சின்ன வால்வ் ஒன்றை மெஷினின் பின்பக்கம், சுவர்ப் பக்கமாகப் போட்டேன். அங்கே அது இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும். சரஸ்வதி பூசைக்கு முன் பிரஸ் ஓட வேண்டும் என்று முதலாளி நாள் குறித்திருந்தார். ஓடியது. எண்ணெயில் ஓடியதைவிட வேகமாக, மணமும் கறையும் இல்லாமல் ஓடியது. பூசைவரைக்கும் ஒரு பெட்டிகூட மாட்டவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த கிழமை நான் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை.

சிவப்புப் பட்டன் பழைய இடத்திலேயே இருந்தது. குத்தினால் சத்தம் எல்லாம் அடங்கும், பார்க்கிறவருக்கு மெஷின் நின்றுவிட்டது. காற்று மட்டும் உள்ளே அப்படியே நிற்கும். அது நிற்பதைக் காட்ட இருந்தது கேஜ் ஒன்றுதான். காற்றுக்குரிய புதுக் கேஜை அக்கா பார்த்துப் பழகிய அதே உயரத்தில் நானே பூட்டியிருந்தேன்.

ஆயுத பூசையன்று மெஷின்களைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைப்பது அங்கே வழமை. கடலையும் அவலும் கொடுப்பார்கள். மதியத்தோடு வேலை இல்லை. மற்ற மெஷின்களுக்கு அதில் வேலை செய்கிறவர்கள் பொட்டு வைத்தார்கள். புதுப் பிரஸ்ஸுக்கு நான்தான் வைப்பேன் என்று சந்தனத் தட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். மற்ற மெஷின்களுக்கு அகலமான நெற்றி இருந்தது. இதுவோ வெறும் குழாயும் சிலிண்டரும். தட்டையாக, வட்டமாக, எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது கேஜின் கண்ணாடி ஒன்றுதான். மூன்று விரலால் சந்தனத்தை அள்ளி அதில் அப்பி, நடுவில் குங்குமத்தை வைத்தேன். போனில் ஒரு படமும் எடுத்தேன்.

பூசைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை. அது காய்ந்து தானாக உதிர வேண்டும். பொட்டை அழிப்பது என்றால் எங்கள் ஆட்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. தாலி கட்டிய ஒரு பெண் அதைக் கையால் தொடவே மாட்டாள்.

பூசை முடிந்து வேலை தொடங்கிய காலையில் அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, கண்ணாடி மேலயே பொட்டு வச்சிட்டீங்களே. முள்ளு தெரியலையே."

நான் ஏதோ பில் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை நிமிர்த்தவும் இல்லை.

"அது வெறும் காத்துத்தானே அக்கா. எண்ணெய் மாதிரி இல்லை. முள்ளைப் பாக்கத் தேவையில்லை, நீங்கள் பயப்பிடாமல் செய்யுங்கோ."

அவர் போய்விட்டார். நான் சொன்னால் அவர் நம்புவார். மெஷினைப் பற்றித் தம்பிக்குத் தெரியாதது இல்லை என்று மற்றவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர்தான்.

அதற்கு அடுத்த நாள், பின்னேரத் தேத்தண்ணிக்குக் கொஞ்சம் முன்பு, நான் கம்பி அடிக்கும் கன் ஒன்றைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். காற்றுக்கு மாறிய பிறகு முதல் தடவையாகப் பிரஸ்ஸில் பெட்டி மாட்டியது. பட்டன் குத்திய சத்தம் கேட்டது. "முருகா" கேட்டது. கதவை அறைந்து சாத்தியது போல ஒரு சத்தம். பிறகுதான் அக்காவின் குரல். மாட்டிய பெட்டிதான் அதுவரை தட்டைத் தடுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. அவர் அதை இழுத்ததும் உள்ளே நின்ற காற்று விரிந்து தட்டைச் சுவரில் கொண்டுபோய் அடித்துவிட்டது. எண்ணெய் என்றால் தட்டு ஒரு நூல் அசைந்திருக்காது. நான் ஓடிப்போய்ப் பின்பக்க வால்வைத் திருப்பினேன். காற்று போய் முடிய எவ்வளவு நேரம் எடுத்தது என்று தெரியாது. எனக்கு அது முடியவேயில்லை.

இரண்டு பெண்கள் அவரைத் தாங்கிப் பிடித்துத் திரீவீலில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் வாசலுக்கு ஓடினார்கள். முதலாளி வெளியே எங்கோ போயிருந்தார், வந்துகொண்டிருக்கிறேன் என்று போனில் சொன்னார். பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் நான் மட்டும் நின்றேன். நிமிர்ந்து பார்த்தேன், கேஜில் என் பொட்டு. அடுத்ததாகச் செய்ததை நான் யோசித்துச் செய்யவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். யோசித்துத்தான் செய்தேன். கழிவுப் பஞ்சில் தின்னரை ஊற்றிக் கண்ணாடியைத் துடைத்தேன். விளிம்பில் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினேன். போனில் இருந்த படத்தை அழித்தேன். முதலாளி வந்து பார்த்தபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது, முள் பூச்சியத்தில் இருந்தது.

அன்றைக்கே அறிக்கை எழுதச் சொன்னார். எழுதினேன். காற்றை வெளியேற்றாமலும் அழுத்தத்தைப் பார்க்காமலும் தொழிலாளி கையை உள்ளே விட்டார் என்று எழுதினேன். பாதுகாப்பு முறைகள் அவருக்கு ஏற்கெனவே விளங்கப்படுத்தப்பட்டிருந்தன என்றும் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரியை ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். அதுதான் இன்றைக்கும் என்னை வெட்கப்பட வைக்கிறது. மறுநாள் ஒரு பையில் அப்பிளும் பாலில் கரைத்துக் குடிக்கும் மோல்ட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கட்டுப்போட்ட கையைத் தலையணையில் வைத்துக்கொண்டு, பையை நீட்டிய என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்து மயக்கம் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

சில கிழமைகள் கழித்து விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள். அதிகாரி சிங்களத்தில் கேட்டார், அக்காவும் சிங்களத்தில் நன்றாகவே பதில் சொன்னார். சிவப்புப் பட்டனைக் குத்தினேன் என்றார். கேஜைப் பார்த்தீர்களா என்று அதிகாரி கேட்டார். கண்ணாடி முழுக்கப் பொட்டு இருந்தது, முள் தெரியவில்லை என்றார். அதிகாரி மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேஜைப் போய்ப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, இதில் பொட்டு இருந்ததா என்று கேட்டார்.

பூசை நேரம், மெஷினில் எங்கேயாவது வைத்திருப்பார்கள், கேஜில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். அதையும் நல்ல சிங்களத்தில் சொன்னேன். சுற்றி நின்றவர்களில் நாலைந்து பேராவது அந்தப் பொட்டைப் பார்த்திருப்பார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பூசையில் வைத்த பொட்டால் இரத்தம் வந்தது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அதைவிட அக்காவின் கவனக்குறைவு என்று விடுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். விஷயம் அப்படியே முடிந்தது. போகும்போது அக்கா என் மேசையைத் தாண்டினார்.

"வர்றேன் சேர்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் என்னைத் தம்பி என்று கூப்பிட்டதில்லை. கை ஆறி வந்தபோது அவரைப் பிரஸ்ஸில் விடவில்லை, வாசலில் உட்கார்ந்து பெட்டிக் கட்டுகளுக்குக் கயிறு போடச் சொன்னார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு மேற்பார்வை பார்க்கிறவர் அக்காவின் கையைக் காட்டி, கவனமில்லாமல் வேலை செய்தால் இப்படித்தான் என்று புத்தி சொல்லுவார். நான் அதைக் கேட்டுக்கொண்டே போவேன். ஏழெட்டு மாதத்தில் அக்கா வேலையை விட்டுவிட்டார். காற்றை வெளியே விடும் அந்த வால்வை அதற்கு வெகு முன்னரே, விபத்து நடந்த அந்தக் கிழமையிலேயே, நான் வாங்கிப் பூட்டிவிட்டேன். கடையில் கேட்டதும் எடுத்துத் தந்தார்கள்.

பிறகு நானும் அங்கிருந்து விலகி, கொம்பிரசர் திருத்தும் வேலையைச் சொந்தமாகச் செய்யத் தொடங்கினேன். காற்றைப் பற்றிக் கதைப்பதை மட்டும் விடவில்லை. விட்டால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்து நிற்கும் என்று பயம்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் மசாலாத்தூள் பைக்கற் பண்ணும் ஓர் இடத்துக்குக் கொம்பிரசர் பார்க்கப் போனேன். பைக்கற் வாயை ஒட்டும் மெஷின் அங்கே காற்றால்தான் ஓடுகிறது. வேலை முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது அந்த இடத்துக்காரர் ஒரு விஷயம் கேட்டார். அந்த மெஷினுக்கு ஆள் தேடுகிறாராம். ஒரு பெண் வந்தாராம், கையில் விரல் குறைவாம், ஆனால் இடது கையால் எல்லாம் செய்கிறாராம், ஆள் கெட்டிக்காரியாகத் தெரிகிறதாம். பழைய இடத்தில் விசாரித்தால், மெஷின் ஓட ஓடக் கையை விட்டவள், கவனமில்லாதவள் என்று சொல்கிறார்களாம். நீங்களும் அங்கேதானே இருந்தீர்கள், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். நல்ல வேலைக்காரி என்றேன். அப்படியென்றால் அது அவருடைய பிழை இல்லையா என்று அவர் விடாமல் கேட்டார். விபத்து என்றால் விபத்துத்தானே, யாரைச் சொல்ல முடியும் என்று பூசி மெழுகினேன். அவர் தலையை ஆட்டினார். யோசிப்போம், அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன், மெஷின் இல்லாவிட்டாலும் கூட்டுகிற துடைக்கிற வேலை ஏதாவது கொடுக்கலாம் என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு சொல்லில் சரிசெய்திருக்கலாம். அந்த இரண்டு சொல்லும் என் வாயில் வரவில்லை. பஸ்ஸில் வெள்ளவத்தை வரும்வரைக்கும் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அடுத்த நாள் பழைய வேலையாள் ஒருவரிடம் விசாரித்து அக்காவின் வீட்டுக்குப் போனேன். ஒழுங்கைக்குள் மேல்மாடியில் ஓர் அறை. கணவர் வேலைக்குப் போயிருந்தார். அக்கா கதவைத் திறந்து, "வாங்க சேர்," என்றார். கதிரையைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமல் சொல்லிவிட வேண்டும் என்று போயிருந்தேன். உட்கார்ந்தால் வேறு கதை கதைத்துவிடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும்.

"அக்கா, அந்தப் பொட்டைத் துடைச்சது நான்தான்."

"தெரியும் சேர். ஆஸ்பத்திரிக்கு வந்தீங்கள்ல, நகத்துக்கடியில குங்குமம் இருந்திச்சு."

அதைத்தான் அவர் அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரையில் உட்கார்ந்தேன். அக்காவின் முகத்தில் கோபம் இருந்ததா என்று பார்த்தேன், இருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவர் வேறு ஒன்றை யோசித்துக்கொண்டிருந்தார். நான் துடைத்தது தெரியும், ஏன் துடைத்தேன் என்பதும் தெரியும், ஆனால் ஒரு விஷயம்தான் இத்தனை வருஷமாக விளங்கவில்லை என்றார். பட்டனைக் குத்தியது நல்ல ஞாபகம். மெஷின் நின்றது. நின்ற மெஷின் எப்படி அடித்தது? குத்தியதாக நினைத்துக்கொண்டு குத்தாமல் விட்டுவிட்டேனோ என்று ராத்திரியில் எழும்பி உட்கார்ந்து யோசிப்பாராம். உனக்குப் புத்தி எங்கே போயிருந்தது என்று புருஷனின் ஆட்கள் கேட்கும்போது, ஒருவேளை அதுதான் உண்மையோ என்று தோன்றுமாம்.

ஊரெல்லாம் சொல்லித் திரிந்த பாடத்தை அன்றைக்குத்தான் நான் அவருக்குச் சொன்னேன். அமுங்காத எண்ணெய், அமுங்கிக் காத்திருக்கும் காற்று, நான் வாங்காமல் விட்ட வால்வ், பின்பக்கம் வைத்துவிட்டுச் சொல்லாமல் விட்ட சின்ன வால்வ். சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் குறுக்கே ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"அப்ப பழையபடி எண்ணெயா இருந்திருந்தா, நான் செஞ்சது சரிதான்?"

"ஓம் அக்கா. முழுக்கச் சரி."

அவர் வலது கையை மடியில் வைத்து, மிச்சம் இருந்த பெருவிரலையும் சின்னவிரலையும் இடது கையால் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு வேல தெரியாம இல்ல," என்றார்.

அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அது அவருக்கு வேண்டாமாம். சனிக்கிழமை மசாலாக்காரரிடம் போக வேண்டும், கூட்டுகிற வேலை வேண்டாம், மெஷின் வேலைதான் வேண்டும், அதற்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார். வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், பதினொரு வருஷம் பழகிய வேலையைப் பற்றித் தான் சொன்னதையே அன்றைக்கு நம்பவில்லையே என்றார்.

"ஒரு பக்கம் போதும் சேர். எம் பேரு, ஒங்க பேரு, அந்தக் கம்பனி பேரு, மூணும் இருக்கணும். கீழ கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். அவர் வாசல் வரைக்கும் வந்தார். படி இறங்கும்போது, பார்த்துப் போங்க தம்பி, மூன்றாவது படி உடைந்திருக்கிறது என்றார். அவர் எப்படிக் கூப்பிட்டார் என்பதை அவர் கவனித்திருக்கமாட்டார்.

அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். அவருடைய பெயரை எழுதினேன். என் பெயரை எழுத வேண்டிய இடத்தில், கையெழுத்துப் போட்ட இப்படி ஒரு காகிதம் யார் யார் கைக்குப் போகும் என்று யோசித்தேன். பழைய முதலாளி, அந்த அதிகாரி, என்னை நம்பிக் கொம்பிரசரைத் தரும் கடைக்காரர்கள், ஃபிளாட்ஸில் என்னைக் கேட்டு லிஃப்டுக்கு ஆள் பிடிக்கிறவர்கள். கிழித்துப் போட்டேன். திரும்ப எழுதினேன். வெள்ளிக்கிழமை வந்தது, உடம்பு சரியில்லை என்று வீட்டில் இருந்தேன். எனக்கு உடம்பில் ஒன்றும் இல்லை. சனிக்கிழமை அவர் வெறுங்கையோடு போயிருப்பார்.

அது முடிந்து இரண்டு கிழமை. ஒவ்வொரு நாளும் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன், மளமளவென்று வருகிறது, நடந்தது ஒன்றையும் ஒளிக்கவில்லை. அவர் கேட்டது ஒரு பக்கமும் மூன்று பெயரும். நான் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன், இதில் ஒரு பெயரும் இல்லை.